பை அக்கா கொடுத்த கைமூச்சு

என் ஆயுளில் நாலு மணி நேரம் நான் சொந்தமாக மூச்சு விடவில்லை. இதை என் மனைவி நம்புகிறாள். அந்த நாலு மணி நேரமும் நான் பேசாமல் இருந்தேன் என்பதைத்தான் இன்றுவரை நம்ப மறுக்கிறாள். நான் மின்சார மீட்டர் பார்ப்பவன். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் படியேறி, கதவைத் திறப்பவர்களிடமெல்லாம் வாயைக் கொடுத்துக் கொடுத்தே காலம் தள்ளியவன். அப்படிப்பட்டவன் மரக்கட்டையாகக் கிடந்தபோது எனக்காக மூச்சு விட்டவர் ஒரு பெண்மணி. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோரும் அவரை ‘பை அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரப்பர் பையை அழுத்தி அழுத்தி நோயாளியின் நெஞ்சுக்குள் காற்றை அனுப்புவது அவருடைய வேலை.

இதில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடப்போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம். ஆனால் ஒரு பெண்ணிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை அவர் பதினெட்டு வருஷம் சொல்லாமல் இருந்தார். அதைச் சொல்ல அவர் கிளம்பியபோது கூடவே போனவன் நான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்தால் முதலில் திட்டுபவர் அவராகத்தான் இருப்பார்.

அன்று ஒரு திங்கட்கிழமை. ஏழு மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடிப் படியில், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. குடல்வால் பழுத்து வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்றார்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வேறு போயிருந்தேன். அப்படிப்பட்ட ஆளை மயக்கும்போது சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் இருக்க, சட்டென்று தசைகளைத் தளர்த்தும் ஒரு ஊசியைப் போட்டு, உடனே தொண்டையில் குழாயை இறக்கிவிடுவார்களாம். சக்சினில்கோலின் என்று அதற்குப் பெயர். ஒரு நிமிஷத்தில் ஆளைச் சாய்க்கும், அஞ்சு பத்து நிமிஷத்தில் விட்டுவிடும்.

தியேட்டரில் படுத்திருந்தபோது குட்டையான ஒரு அம்மாள் வந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன வேலை பாக்கறீங்க அண்ணா?”

“கரண்ட் மீட்டர் பாக்கறேன்மா.”

“அப்படியா! எங்க வீட்டு மீட்டர் பாக்க வர்றவர் நாய்க்குப் பயந்து வாசல்லயே நின்னு உத்தேசமா எழுதிட்டுப் போயிடறார். நீங்க எப்படி?”

“நான் நாயோட பேசுவேன்” என்றேன். அவர் சிரித்தார். அத்துடன் எனக்கு நினைவு போனது.

நினைவு திரும்பியபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. பேச்சுக்குரல் கேட்டது. கண்ணைத் திறக்கலாம் என்று பார்த்தேன், திறக்கவில்லை. கையைத் தூக்கலாம் என்றால் கை என்னுடையதாக இல்லை. தொண்டையில் ஏதோ அடைத்திருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், நெஞ்சு அசையவில்லை. ஆனால் காற்று தானாக உள்ளே வந்தது, தானாகப் போனது. செத்துவிட்டோம், இன்னும் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

“எழுப்பற ஊசியப் போட்டுடலாம்க்கா. அடுத்த கேஸ் வெளிய காத்திருக்கு” என்றது ஒரு இளம் குரல். புதிதாக வந்திருந்த மயக்க மருந்து டாக்டர்.

“கட்டைவிரல் துள்ளல டாக்டர்” என்றார் அந்த அம்மாள். மணிக்கட்டில் சின்னதாக மின்சாரம் தட்டிக் கட்டைவிரல் துள்ளுகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். “நாலு தட்டு தட்டினேன். ஒண்ணுக்குக்கூட அசையல.”

“அதெப்படி? போட்டு அம்பது நிமிஷம் ஆச்சே. அது எப்பவோ போயிருக்கணும்.”

“போகல. அதைத்தான் சொல்றேன். அந்த மருந்த வெட்டிப்போடற சரக்கு இவர் ரத்தத்துல இல்லபோல இருக்கு. நீங்க எழுப்பற ஊசியப் போட்டா, இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் அது அடக்கிடும். பெரிய டாக்டரக் கூப்பிடுங்க. அப்புறம் நாடியப் பாருங்க, நூத்தி முப்பது. கண்ணோரத்துல தண்ணி. இவர் முழிச்சிருக்கார்.”

அடுத்த நிமிஷம் அந்தக் குரல் என் காதோடு வந்து பேசியது.

“அண்ணா, நீங்க முழிச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். இது கனவு இல்ல. மருந்து இன்னும் விடல, அதான் உடம்பு அசையல. உங்க மூச்ச நான் விடறேன். இதோ ஒண்ணு. இதோ இன்னொண்ணு. இப்ப திரும்பவும் தூங்க வைக்கப்போறோம். நீங்க எழுந்திருக்கும்போது நான் இங்கதான் இருப்பேன்.”

மொத்தம் ஏழு நிமிஷம் என்று பிறகு அவர்கள் தாளைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஏழு நிமிஷத்தில் முதல் ஆறு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கடைசி நிமிஷத்தை நினைத்தால் கண் கலங்கும்.

தியேட்டரை அடுத்த நோயாளிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை இல்லை. மூச்சு விடும் இயந்திரமும் காலி இல்லை. அதனால் என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சொட்டு மருந்தில் தூங்கவைத்து, பை அக்கா ஒரு முக்காலியைப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தார். பகல் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவர் நாலரைக்குத்தான் எழுந்தார். நடுவில் ஒரு தடவை வார்டு உதவியாளரிடம் பையைக் கொடுத்துவிட்டு, அவர் சரியாக அழுத்துகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றபடி ஒரு டீ குடித்தாராம். அவ்வளவுதான் ஓய்வு.

அவர் எப்படி எண்ணுகிறார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு கொடுக்க வேண்டும். அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் பன்னிரண்டு நிறுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நிறுத்தம். பூட்டுக்கடை, தபால் ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி, பெண்கள் பள்ளிக்கூடம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வருவார். ஆஸ்பத்திரி வந்ததும் ஒரு நிமிஷம் முடிந்தது. உடனே திரும்ப வீட்டுக்குக் கிளம்புவார். “உங்களுக்காக அன்னிக்கு இருநூத்தி நாப்பது தடவை அலைஞ்சேன் அண்ணா. ஒரு பயலும் எனக்கு எழுந்து இடம் குடுக்கல” என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

பூட்டுக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை வீடு அவருக்கு. கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். மகள் வெளியூரில் படிக்கிறாள். இருபது வயதில் இதே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர்களை எண்ணி உள்ளே வாங்கும் வேலைக்குச் சேர்ந்தவர். சிலிண்டர் போகும் இடம் என்ன என்று எட்டிப் பார்க்கப் போய், அங்கேயே ஒட்டிக்கொண்டு, மாலை வகுப்பில் ரெண்டு வருஷம் படித்து டெக்னீஷியன் ஆனவர். வலது முன்கை இடதுகையைவிடத் தடித்திருக்கும். சட்டை தைக்கக் கொடுக்கும்போது வலது கையை அரை அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லுவார். புதுப் பை வந்தால் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். மயங்கிக் கிடக்கும் நோயாளியின் முன்னால் யாராவது ஊர்க்கதை பேசினால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். “ஆளுக்குக் காது இருக்கு டாக்டர், பேச்ச வெளிய வெச்சுக்கலாம்” என்று அறுவை மருத்துவரிடமே சொல்லுவாராம். அதனால் அவரைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. எரிச்சல்படுகிறவர்கள் தங்களுக்கு ஆபரேஷன் என்று வந்தால், தலைமாட்டில் அவர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நாலரை மணிக்கு என் கட்டைவிரல் முதல் தடவையாகத் துள்ளியது. மாலையில் நான் முழுசாக எழுந்தபோது, சொன்னபடியே அங்கே இருந்தார். குழாயை எடுத்ததும் பேச ஆரம்பித்தேன். “அப்பாடா, மருந்து சுத்தமா விட்டுடுச்சு” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

என் ரத்தத்தை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பெரிய டாக்டர் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனதை, பை அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் மண்டையில் ஏற்றினார்.

நம் எல்லோருக்கும் மூன்றாவது குரோமோசோமில் பி.சி.எச்.இ என்று ஒரு மரபணு இருக்கிறதாம். கல்லீரல் அதில் எழுதியிருப்பதைப் படித்து, ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. இந்தப் புரதத்துக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன அவசரமான வேலை என்று படித்தவர்களுக்கே முழுசாகப் பிடிபடவில்லையாம். இல்லாதவர்கள்கூட நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பிள்ளை குட்டி பெற்று வாழ்கிறார்கள். ஆனால் சக்சினில்கோலின் ரத்தத்தில் ஏறியவுடன் அதைத் துண்டு துண்டாக வெட்டிப்போடுவது இதுதான். போட்ட மருந்தில் பெரும்பங்கு தசைக்குப் போய்ச் சேருமுன்பே வெட்டுப்பட்டுவிடும். மிச்சம் சில நிமிஷம் வேலை செய்யும்.

“ஐந்நூத்தி எழுபத்தி நாலு மணி கோத்த மாலைனு வெச்சுக்கங்க அந்தப் புரதத்த” என்றார் பை அக்கா. “உங்களுதுல எழுபதாவது மணி மட்டும் வேற. மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு, அதனால மணியும் மாறிப்போச்சு. அந்த இடத்துலதான் மருந்தப் பிடிக்கணும். பிடிப்பு சரியில்ல, வெட்ட முடியல.”

“யார் குடுத்தது இத எனக்கு?”

“அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா பெரிசா தெரியாது. உங்களுக்கு ரெண்டு பக்கமும்.”

அளந்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு மருந்தைக் கலந்து அந்தப் புரதத்தை அடக்கிப் பார்ப்பார்கள். சரியான புரதம் நூற்றுக்கு எண்பது பங்கு அடங்கும். என்னுடையது இருபதுதான் அடங்கியது. கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று பை அக்கா ஒற்றைக்காலில் நின்றார். என் தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். அவனுடையது அறுபத்திரண்டு பங்கு அடங்கியது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருக்கிறது, பயமில்லை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில்கூட என்னைவிட அதிகம் வாங்காதவன், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மார்க்கைச் சொன்னான்.

என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்படி ஒரு அட்டை எழுதிக்கொடுத்தார் பை அக்கா. ‘இவருக்கு சக்சினில்கோலின் கூடாது.’ கொடுத்துவிட்டுப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீன், எதிரில் ஆறிப்போன டீ. என்னம்மா என்று கேட்டேன். என்னிடம் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த ஏழு நிமிஷத்தை அனுபவித்தவன் என்பதாலாக இருக்கலாம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் டெக்னீஷியன் ஆன முதல் வருஷம். ஒரு பெண்மணிக்கு வயிற்றில் அவசர ஆபரேஷன். முடிந்தபிறகு எழுந்திருக்கவில்லை. மயக்கம் ஆழமாகிவிட்டது என்று நினைத்து மயக்க வாயுவை நிறுத்திவிட்டார்கள். எழுப்பும் ஊசியையும் போட்டார்கள். அப்படியும் அசையவில்லை. மூன்று மணி நேரம் பை அக்கா பையை அழுத்திக்கொண்டிருந்தார். வாயு இல்லை, தூக்க மருந்து இல்லை. ‘மெதுவாக எழுந்தார்’ என்று தாளில் எழுதி முடித்துவிட்டார்கள்.

“மறுநாள் காலைல வார்டுக்குப் போனோம். அந்த அம்மா சொன்னாங்க, ‘டாக்டர், நான் முழிச்சிருந்தேன், எல்லாம் கேட்டுச்சு, அசைய முடியல’ன்னு. டாக்டர் சிரிச்சார். ‘மயக்க மருந்துல அப்படித்தான் கனவு வரும்மா’ன்னார். அந்த அம்மா அவர விட்டுட்டு என்னப் பாத்தாங்க. நான்தானே தலைமாட்டுலயே இருந்தேன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. ஆமா, கனவுதான்னு தலையாட்டினேன்.” அவர் டீக்கோப்பையைத் தள்ளி வைத்தார். “அப்ப எனக்கு விஷயம் தெரியாது அண்ணா. ஆனா சந்தேகம் இருந்துச்சு. நாடி ஏறினதப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்தத நான்தான் பஞ்சால துடைச்சேன். புது வேலை, வாயத் திறந்தா போயிடும்னு பயம். உங்களுக்கு முடிவு வந்ததும் புரிஞ்சுபோச்சு. அவங்களுக்கும் இதேதான். நாளைக்கே அவங்க வேற எங்கயாவது போய்ப் படுத்தா, அதே ஊசியப் போடுவாங்க. அவங்களுக்குத் தெரியாது. போடறவங்களுக்கும் தெரியாது.”

பெரிய டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். பழைய கதையைக் கிளறவேண்டாம், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட தாள்களை அழித்தாயிற்று, பெயர்கூட இல்லை, வீணாக உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். அவரும் கெட்டவர் இல்லை, இவர்மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னார். வழக்கு அது இது என்று போனால் வேலை போகும் என்பது இவருக்கும் தெரியும்.

“பேர் ஞாபகமில்ல. ஜன்னல் திரை தைக்கிறவங்க. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி கைய பிடிச்சேன். இடது கட்டைவிரல் அடியில கத்தரிக்கோல் பட்டுப்பட்டுக் காய்ச்சுப்போயிருந்துச்சு. இடது கைக்காரங்க.”

அந்த ஒரு விரலை அவர் பதினெட்டு வருஷம் மறக்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் போலீசிடம் போகாதீர்கள், மீட்டர் பார்ப்பவனிடம் வாருங்கள். எந்த வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது, எந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. என் வட்டாரத்தில் திரை தைப்பவர்கள் அஞ்சு பேர். நாலு பேர் வலது கை. ஐந்தாமவர் ஆண். காலையில் ஆபீசில் ரீடிங் எடுக்கும் கருவி வாங்கும் இடத்தில் மற்றவர்களிடம் விசாரித்தேன். ஒன்பதாம் நாள், எங்கள் ஆபீசிலேயே பேச்சில் எனக்கு அடுத்தவனான ஒருத்தன் சொன்னான்: “டயர்க்கடைக்குப் பின்தெரு. பச்சைக் கதவு. இடது கையாலதான் வெட்டுவாங்க. பாக்கறப்பல்லாம் விரல வெட்டிப்பாங்களோன்னு பயமா இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நானும் பை அக்காவும் போனோம். எனக்காக நாலு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவர், பச்சைக் கதவின் முன்னால் நின்று கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார். கதவை நான்தான் தட்டினேன்.

முன்னறை முழுக்க ஒரு நீள மேசை. அதன்மேல் கருநீலத் துணி மலைபோல் கிடந்தது. ஜன்னலோரம் மெஷின். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. மெலிந்த உடம்பு. வயிற்றில் ஒரு வெந்நீர்ப் பையைத் துணியால் கட்டிக்கொண்டு, இடது கையில் பெரிய கத்தரிக்கோலுடன் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நான் கழுத்தில் மாட்டிவந்த ஆபீஸ் அட்டையைப் பார்த்து, “மீட்டர் போன வாரம்தானே பாத்தாங்க?” என்றார்.

“மீட்டர் பாக்க வரலம்மா. இவங்க உங்களப் பாக்கணும்னாங்க.”

பை அக்கா உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அம்மா, நான் ஆஸ்பத்திரில வேலை செய்யறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வயித்துல ஆபரேஷன் நடந்தப்ப, தலைமாட்டுல நின்னு பை அழுத்தினது நான்தான்.”

அந்த அம்மாள் துணியை வெட்டத் தொடங்கினார். கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மறுநாள் காலைல, முழிச்சிருந்தேன்னு சொன்னீங்க. டாக்டர் கனவுன்னார். நானும் தலையாட்டினேன். அது கனவு இல்லம்மா. நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க. நான் தலையாட்டினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

கத்தரிக்கோல் நின்றது. அந்த அம்மாள் நிமிராமலே கேட்டார்.

“அன்னிக்கு அங்க என்ன பேசிக்கிட்டாங்க?”

பை அக்கா கொஞ்சம் யோசித்தார். “ஆபரேஷன் பண்ண டாக்டர் அப்ப வீடு கட்டிக்கிட்டு இருந்தார். குளியலறைக்கு என்ன ஓடு பதிக்கலாம்னு நர்சம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தார். நீலமா, வெள்ளையான்னு.”

“எது முடிவாச்சு?”

“வெள்ளை.”

அந்த அம்மாள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். கதவுப்பக்கம் திரும்பி, “ஏங்க! இங்க வாங்க. சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டார். குரல் உடைந்துபோயிருந்தது. சமையலறையிலிருந்து ஈரக்கையுடன் ஒரு பெரியவர் வந்தார். “கேளுங்க இவங்ககிட்ட. ஓடு. வெள்ளை ஓடு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உங்ககிட்ட?”

அந்த மனிதர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பை அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஒரு வார்த்தையைக்கூடத் தன் பக்கம் சாய்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவருக்கு அப்போது தெரியாது, புது வேலை என்று நடுவில் புகுந்தேன். “சும்மா இருங்க அண்ணா” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே அதட்டலில் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் சுவரோரம் இருந்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். “பித்தப்பையில கல்லு. ஆறு வருஷமா எடுக்கணும்னு சொல்றாங்க. போன மாசம் வலில சுருண்டு விழுந்தா. அடுத்த தடவை ஆபத்துனு டாக்டர் சொல்லிட்டார். செத்தாலும் மறுபடி அந்த மேசைல படுக்கமாட்டேன்னு நிக்கறா. நான், பையன், மருமக எல்லாரும் சொன்னோம். கனவ நினைச்சு யாராவது பயப்படுவாங்களான்னு திட்டினேன். பயந்தாங்கொள்ளின்னேன்.” அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “பதினெட்டு வருஷமா நான் உன்ன நம்பல.”

அந்த அம்மாள் பை அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். இந்தத் தடவை கோபம் வந்திருந்தது.

“அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுனு நானே நினைச்சுக்கிட்டேன். தனியா தூங்கப் பயந்தேன். விளக்க அணைக்க விட்டதில்ல. உங்க தலை ஒரு தடவை அந்தப் பக்கம் ஆடியிருந்தா போதுமே.”

“சொல்லியிருக்கணும்மா” என்றார் பை அக்கா. சாக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் பை அக்கா, என்னிடம் சொன்னது போலவே அந்தப் புரதத்தைப் பற்றியும் எழுபதாவது மணியைப் பற்றியும் சொன்னார். அந்த ஊசி இல்லாமலே வேறு மருந்தில் ஆபரேஷன் செய்யலாம், முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார். பிள்ளைக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும்கூடச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் வெந்நீர்ப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கும் இவருக்கு இருக்கறதேதான்னு எப்படித் தெரியும்?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“ரத்தம் எடுத்துப் பாக்கணும். குழாய் கொண்டுவந்திருக்கேன். நீங்க சரின்னா இப்பவே. வேணாம்னா வேற இடத்துல எடுத்துக்கலாம், எழுதித் தரேன். எங்கிட்டதான் எடுக்கணும்னு இல்ல.”

அந்த அம்மாள் மேசைமேல் கிடந்த துணியை ஒரே தள்ளாகத் தள்ளினார். சட்டைக் கையை மடித்து, இடது கையை நீட்டி வைத்தார்.

பை அக்கா கைப்பையைத் திறந்தார். பஞ்சு எடுத்தார், ஊசியைப் பிரித்தார். நரம்பைத் தொட்டுப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குத்தியபோது கை நரம்பைத் தவறவிட்டது. எனக்காக நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று நாலு மணி நேரம் பிசகாமல் போய்வந்த அதே வலது கை.

அந்த அம்மாள் காலால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காந்து எடுங்க” என்றார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஆபரேஷன் அன்னிக்கு நீங்க இருப்பீங்கல்ல?”

“இருப்பேன்.”

“தலைமாட்டுலயே?”

“தலைமாட்டுலயேதான். நீங்க முழுசா எழுந்து உங்க வாயால பேசற வரைக்கும் நகரமாட்டேன்.”

“அப்ப புதன்கிழமைக்கு மேல எந்த நாள்னாலும் வைங்க. அதுக்குள்ள இந்த மேடைத் திரையத் தைச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடணும்.”

பை அக்கா உட்கார்ந்தார். இரண்டாவது முறை ஊசி சரியாக இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் எழுந்து வந்து, மனைவியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.